பதில் வராவிட்டால் சம்மதம்

லியோன்
ஜனவரி 5

அன்புள்ள நெய்லா அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம், குளிர்தான் எலும்பு வரைக்கும் போகிறது. நீயும் உம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? உம்மாவின் முழங்கால் இந்தக் குளிர்காலத்திலாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா? ஃபோனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம் என்பதால், நீ சொன்னபடியே இனி மின்னஞ்சல்.

டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் நம் ஓரின் நிரல்மொழிக்கு ஒரு மேசை போட்டிருந்தோம். இரண்டு பக்கமும் புதிய நிரல்மொழிக்காரர்கள், கூட்டம் அள்ளியது. நம் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். "ஓரினா? இது இன்னும் உசுரோட இருக்கா? எங்கப்பா இதுலதான் எழுதிட்டிருந்தாரு" என்றாள். சும்மா கொடுத்த பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் ஆறாம் பதிப்பு. எழுத்தைச் சேமிக்கும் பழைய முறை முழுக்கப் போகிறது. முப்பது வருஷத்துக் குப்பையைச் சுமந்துகொண்டு எந்த மொழியும் ஓட முடியாது. வழிநடத்தும் குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பெரிய மென்பொருள் தொகுப்புகளில் நீ பராமரிக்கும் வஸ்ல் மட்டும்தான் பாக்கி. அது இல்லாவிட்டால் ஆறாம் பதிப்பில் அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராது, தனித்தனியாகக் கிடக்கும். எங்கள் நிறுவனம் வளைகுடாவில் பெரிய வேலை ஒன்றை எடுத்திருக்கிறது, என் பேச்சை நம்பி.

வேண்டிய திருத்தங்களை நானே எழுதி வஸ்ல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பார்த்து ஏற்றுக்கொண்டால் போதும்.

உம்மாவின் கையை முத்தமிட்டதாகச் சொல்.

உன் தம்பி
ஸுஹைர்


ஸ்ஃபாக்ஸ்
ஜனவரி 21

அன்புத் தம்பி ஸுஹைருக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் நலம் என்று எழுதிவிடலாம். உம்மா நலமில்லை. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். உனக்கு உடனே சொல்லவில்லை. சொன்னால் பதறிக்கொண்டு வருவாய். வந்து வராந்தாவில் நடப்பாய். இங்கே நடப்பதற்கு நான் இருக்கிறேன்.

மயக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஸுஹைர் சாப்பிட்டானா, இல்ல அந்த கம்ப்யூட்டரையே கடிச்சிட்டு உக்காந்திருக்கானா?"

உன் திருத்தங்களை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய முறையை ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறாய். ஓரினில் நம் வழக்கம் என்ன? எதையும் எடுப்பதற்கு முன் இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை கொடுப்போம். "இது போகப்போகிறது, மாறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்போம். வஸ்லை நம்பி இருப்பவர்கள் உங்கள் வளைகுடாக்காரர்கள் மட்டும் இல்லை. காபெஸில் கல்யாண அட்டை அடிக்கும் மொன்ஸெஃப் இருக்கிறார். அவர் மாதிரி ஊருக்கு ஒருவர். இவர்கள் யாரும் ஓரின்காரர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடற்குழுவில் இல்லை. ஓரின் என்ற பெயரே தெரியாது. தெரிந்தது என் ஃபோன் நம்பர்தான்.

பழையதையும் வைத்துக்கொண்டு புதியதைச் சேர்க்கலாம். வேலை அதிகம், ஆனால் முடியும். இப்போது எனக்கு நேரம் இல்லை.

அக்கா
நெய்லா


லியோன்
பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் உடனே ஃபோன் செய்தேன். உம்மாவின் குரலைக் கேட்ட பிறகுதான் நிதானம் வந்தது. அல்லாஹ் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும். நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம்.

கோபித்துக்கொள்ளாமல் படி. மொன்ஸெஃபின் கல்யாண அட்டைக்காக ஒரு மொழியைச் சாகவிட முடியாது. எல்லோருக்கும் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் ஓரின் இந்த நிலைமைக்கு வந்தது. எங்கள் மேலாளர் நேற்று எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஸுஹைர், ஒங்க மொழிக்கு ஓய்வூதியம் எப்போ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கோடைக்குள் வஸ்ல் தயாராகாவிட்டால் அந்த வேலையை வேறு மொழிக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு எனக்கு அங்கே என்ன இடம்? உனக்கு நேரமில்லை என்றால் என்னையும் பராமரிப்பாளராகச் சேர்த்துவிடு. பெயர் உன்னுடையதாகவே இருக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
ஸுஹைர்


ஸ்ஃபாக்ஸ்
மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காலையில் உம்மாவைக் குளிப்பாட்டி, உடற்பயிற்சிக்காரர் வந்து போய், சமைத்து முடித்தால் பொழுது போய்விடுகிறது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடக்கிறாள். அங்கே நின்று கீழே போகிற எல்லோருக்கும் புத்தி சொல்கிறாள்.

உன்னைச் சேர்க்க மாட்டேன். சேர்த்தால் மறுநாள் காலையில் வெட்டிவிடுவாய். சின்ன வயதில், வால் நீளமாக இருக்கிறது என்று என் பட்டத்தின் வாலைக் கத்தரித்தவன்தானே நீ? அது நேராக அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. "இப்ப லேசாயிருச்சுல்ல" என்று வேறு சொன்னாய்.

ஒரு வாக்குத் தருகிறேன். ரமதான் முடியட்டும், உம்மா தானாக நடக்கட்டும். பெருநாள் கழிந்ததும் நானே உட்கார்ந்து பழையதும் புதியதும் சேர்ந்து ஓடுகிற மாதிரி செய்து தருகிறேன். உன் கோடைக்குள் வந்துவிடும். அதுவரைக்கும் வஸ்ல் பக்கத்தில் யார் என்ன கேட்டாலும் நான் பதில் எழுதப் போவதில்லை, முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா
நெய்லா


ஓரின் மடற்குழு
ஏப்ரல் 18
பொருள்: வஸ்ல் தொகுப்பின் பொறுப்பை மாற்றக் கோருதல்

அன்பர்களே,

வணக்கம். அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

அரபு எழுத்துகளைச் சேர்த்து வலமிருந்து இடமாக வார்க்கும் வஸ்ல் தொகுப்பு, ஆறாம் பதிப்புக்கு இன்னும் தயாராகவில்லை. ஜனவரியில் நான் அளித்த திருத்தங்கள் அப்படியே கிடக்கின்றன. பொறுப்பாளர் நெய்லாவின் பதிவு முகவரிக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. காரணம் தெரியவில்லை.

கவனிப்பாரற்ற தொகுப்புகள் பற்றி நமக்கு ஒரு விதி உண்டு. பல வருடங்களுக்கு முன் அதை முன்மொழிந்தவரே நெய்லா என்பது பலருக்கு நினைவிருக்கும்: மடற்குழுவில் அறிவித்துக் காத்திருக்க வேண்டும், பொறுப்பாளரிடமிருந்து பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ள வேண்டும். அதன்படி, மே மாத இறுதிக்குள் மறுப்பு வராவிட்டால் வஸ்லின் பொறுப்பை எனக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓரினின் இத்தனை வருட வளர்ச்சியில் நெய்லாவின் பங்கை மரியாதையுடன் நினைவுகூர்கிறேன்.

ஸுஹைர்
வழிநடத்தும் குழு உறுப்பினர்


லியோன்
மே 9

அன்புள்ள அக்கா,

பெருநாள் வாழ்த்துகள், தாமதமாக. இங்கே மழை, சலிப்பு, மற்றபடி சுகம். நீங்கள் கொடுத்தனுப்பிய பெருநாள் ஷர்மூலாக் குழம்பு ஜாடி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர், "விமான நிலையத்துல மூணு பேரு மோந்து பாத்துட்டுத்தான் விட்டாங்க" என்றார். வெங்காயமும் திராட்சையும் உம்மாவின் பக்குவத்தில் இருந்தன. நின்றுகொண்டே சமைத்தாளா, இல்லை நாற்காலியில் உட்கார்ந்து உன்னை விரட்டினாளா? அதோடு சாப்பிடும் கெர்கென்னாத் தீவு உப்பு மீன் இங்கே கிடைக்காது. கடையில் வாங்கிய ஏதோ ஒரு மீனோடு சாப்பிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. வேலை வழக்கம்போல. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ஸுஹைர்


ஸ்ஃபாக்ஸ்
மே 13

அன்புத் தம்பிக்கு,

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். உட்கார்ந்துகொண்டே என்னை விரட்டினாள். "தீயைக் கொற, தீயைக் கொற, அவனுக்கு அடிப்பிடிச்சதுன்னா ஆகாது." நீ முழு ஜாடியையும் முடித்துவிட்டாயா என்று தினமும் கேட்கிறாள்.

சொன்னபடி வஸ்லில் உட்கார்ந்துவிட்டேன். பாதிக்கு மேல் முடிந்தது. பழைய முறையில் எழுதினவர்களுக்கு எச்சரிக்கை வரும், ஆனால் ஓடும். புதிய முறையும் ஓடும். ஜூன் கடைசியில் உன் கையில் இருக்கும். உன் மேலாளரிடம் தைரியமாகச் சொல்லிக்கொள்.

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். நிஜமாகவே ஒன்றும் இல்லையா? என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இந்த மாதத்துக்குள் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இதை உம்மா தலைமேல் கை வைத்து எழுதுகிறேன்.

அக்கா
நெய்லா


லியோன்
மே 27

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை, அதனால் நாலு வரிதான்.

வஸ்லுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாகச் செய். முதலில் உம்மாவைக் கவனி.

சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லபடியாகப் போகிறது.

உன்
ஸுஹைர்


ஸ்ஃபாக்ஸ்
ஜூன் 3

ஸுஹைருக்கு,

ஸலாம். உம்மா நலம். தடியோடு நடக்கிறாள்.

முந்தாநாள் காலையில் வஸ்லுக்குள் நுழையப் பார்த்தேன். எனக்கு அனுமதி இல்லை என்றது. பதினெட்டு வருஷம் நான் திறந்து மூடிய கதவு. மடற்குழுவில் தொகுப்பகக் காப்பாளர் இரண்டு வரி எழுதியிருந்தார்: மறுப்பு எதுவும் வரவில்லை, பொறுப்பு ஸுஹைருக்கு மாற்றப்பட்டது, நெய்லாவுக்கு நன்றி. மத்தியானத்துக்குள் பழைய முறையை நீ வெட்டி எறிந்துவிட்டாய். நான் செய்துவைத்த பாதி என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

உன் அறிவிப்பு எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். ஏப்ரல் பதினெட்டாம் தேதியே படித்தேன். உம்மாவுக்கு இஃப்தார் சூப் ஆற்றிக்கொண்டிருந்தபோது படித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மடற்குழுவை நான் படிக்காத நாள் உண்டா? உனக்கே தெரியும்.

பதிவு முகவரிக்கு எழுதினாயாம். அது கல்லூரி முகவரி. நான் வேலையை விட்ட அன்றே அதை மூடிவிட்டார்கள். "இனி அந்தப் பெட்டிக்கு யார் எழுதினாலும் கெணத்துல போட்ட கல்லுதான்" என்று சிரித்தவன் நீ. அதை மாற்றாமல் விட்டது என் சோம்பல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த முகவரி உனக்குத் தெரியாதா? இதில்தானே ஷர்மூலாவுக்கு நன்றி சொன்னாய்?

வஸ்லை எடுத்துக்கொண்டதுகூட எனக்குப் பெரிதில்லை. "காரணம் தெரியவில்லை" என்று எழுதினாய் பார், அதுதான் பெரிது. உம்மாவின் இடுப்பு உடைந்தது உனக்குத் தெரியாதா?

நெய்லா


லியோன்
ஜூன் 19

அக்காவுக்கு,

உம்மா நடப்பது சந்தோஷம். எனக்கு உறக்கம் சரியில்லை.

நீ எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் நாளே படித்தாய். மறுக்கிறேன் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். விதியை எழுதினவளுக்கு அது தெரியாதா? நீ எழுதவில்லை. ஆறு வாரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எனக்குப் பரீட்சை வைத்தாய், பரீட்சை என்று சொல்லாமலே. மொன்ஸெஃப் மொன்ஸெஃப் என்கிறாயே, அந்த ஆறு வாரத்தில் அவர் உனக்கு நினைவுக்கு வரவில்லையா?

உன்னிடம் நேராகக் கேட்டால் முடியாது என்பாய். அதை மீறி எடுத்தால் நான் திருடன். கேட்காமல் எடுத்தால் விதிப்படி நடந்தவன். அப்படித்தான் நினைத்தேன். மே பதிமூன்றாம் தேதி உன் கடிதம் வந்தபோது சொல்லிவிட நினைத்தேன். நாலு முறை எழுதி அழித்தேன். அதற்குள் மேலாளர் தேதி குறித்துவிட்டார்.

ஆறாம் பதிப்பு வந்துவிட்டது. மக்கள் பாராட்டுகிறார்கள். உனக்கும் ஒருநாள் புரியும்.

ஸுஹைர்


ஸ்ஃபாக்ஸ்
ஆகஸ்ட் 24

ஸுஹைருக்கு,

ஸலாம். உம்மா நலம். நீ ஃபோன் செய்து இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்லச் சொன்னாள்.

இது கல்யாண சீசன். மொன்ஸெஃபின் அச்சகத்துக் கம்ப்யூட்டர் தானாக ஆறாம் பதிப்புக்கு மாறிவிட்டது; அவருடைய அட்டை நிரலோ பழைய முறையில் எழுதியது. அவர் கவனிக்காமல் ஒரு கட்டு அட்டை அடித்துக் கொடுத்துவிட்டார். பெண்வீட்டார் அப்படியே கொண்டுவந்து அவர் மேசைமேல் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு ஃபோன் செய்தார், அந்தக் கலக்கத்திலும் 'லல்லா' என்ற மரியாதை குறையாமல்.

"லல்லா நெய்லா, பொண்ணு பேரு உதுந்து கெடக்குது."

"உதுந்துன்னா?"

"எழுத்து எழுத்தா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. மாப்பிள பேரும் அதேதான். 'கல்யாணம் நடக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சு வெச்சிட்டியே'ன்னு பொண்ணோட அம்மா அழுவுது. நான் ஒங்களைத்தானே நம்பிக்கிட்டிருந்தேன், லல்லா?"

அது என் கையில் இல்லை என்று சொன்னேன். "அப்ப யார் கையில இருக்கு?" என்றார். என் தம்பி கையில் என்று சொல்ல வாய் வரவில்லை. காபெஸுக்குப் பஸ் ஏறிப் போய் நானே பழையதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். காப்பி கொடுத்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நீ கேட்ட கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. என் வீம்பில் அவரை மறந்துதான் போனேன். மீதிப் பாதியை நீ வைத்துக்கொள்.

வஸ்ல் பக்கத்தில் புகார்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றுக்கும் நீ பதில் போடவில்லை. என்ன ஆயிற்று?

நெய்லா


ஸ்ஃபாக்ஸ்
டிசம்பர் 6

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கே, எப்படி இருக்கிறாய்? இதைத் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். இதே விஷயத்தை உன் மூன்று மின்னஞ்சல் முகவரிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஃபோனிலும் சொல்லிவைத்திருக்கிறேன். ஜாடி கொண்டுவந்தவரிடமும் உன் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன்.

உன் நிறுவனம் ஓரினை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போய்விட்டது என்று மடற்குழுவில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. வழிநடத்தும் குழுவின் புதிய பட்டியலில் உன் பெயரைத் தேடினேன், இல்லை. அப்போதுதான் விளங்கியது. வளைகுடாவுக்காக வெட்டினாய். கடைசியில் வளைகுடாவும் இல்லை, வேலையும் இல்லை. ஊரார் பெயர்களெல்லாம் உதிர்ந்து கிடக்கின்றன. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் இல்லை.

கவனிப்பாரற்ற தொகுப்பு விதியை மாற்றச் சொல்லி செப்டம்பரில் எழுதினேன். ஓரின்காரர்களைத் தெரியுமே, ஒரு கமாவுக்கு ஒரு மாதம் சண்டை போடுவார்கள். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். கேட்கிறவர், தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பொறுப்பாளரைத் தேட வேண்டும். பதில் வராததற்குக் காரணம் தெரிந்தால், தெரியும் என்று சொல்ல வேண்டும். எதற்காக இந்த மாற்றம் என்று ஒருவர் கேட்டார். பழைய விதியை எழுதியபோது எனக்கு அனுபவம் போதவில்லை என்று மட்டும் சொன்னேன்.

புதிய விதியின்படி முதல் அறிவிப்பு என்னுடையதுதான். வஸ்லைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பாதியில் கிடந்ததை முடித்துவிட்டேன். பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடுகின்றன. நீ எழுதிய பகுதிகளில் உன் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். அறிவிப்பில் நான் எழுதிய வரி இது: "பொறுப்பாளர் பதில் சொல்லாததன் காரணம் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்."

வருகிற பெருநாளுக்கு உம்மா மறுபடி ஷர்மூலா கிண்டுவாளாம். "ஜாடி திரும்பி வரலியே, எதுல போட்டுக் குடுக்கறது?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

ஜனவரிக் கடைசி வரைக்கும் காத்திருப்பேன். இந்தத் தடவை பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று காப்பாளர் எடுத்துக்கொள்வார். நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மறுப்பு இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

அக்கா
நெய்லா